துப்பாக்கியின் ப்ளூயிங் மங்கிப்போனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

மழைக்காலம் முடிந்ததும், தேர்தல் முடிந்ததும், ஆயுத பூஜை முடிந்ததும் பட்டறைக்கு வரும் துப்பாக்கிகளுக்கு ஒரே புகார்தான். "மினுமினுப்பு போயிடுச்சு, புகை படிஞ்ச மாதிரி இருக்கு, மறுபடி ப்ளூயிங் போட்டுக் கொடுங்க." ப்ளூயிங் என்பது துரு பிடிக்காமல் இருக்க இரும்பின் மேல் ஏற்றும் நீலக் கறுப்புப் படலம். பெரும்பாலும் அதை மறுபடி போடத் தேவைப்படுவதே இல்லை. மங்கல் ப்ளூயிங்குக்கு மேலே படிந்திருக்கிறது. ப்ளூயிங் கீழே பத்திரமாக இருக்கிறது. உண்மையிலேயே புதிதாகப் போட வேண்டிய நிலையில் வருபவை, வீட்டில் யாராவது பித்தளை பாலிஷும் புளியும் போட்டுத் தேய்த்த துப்பாக்கிகள். அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். எது குறைவாகத் தேய்க்குமோ அது முதலில்.

தொடுவதற்கு முன்

தோட்டா இல்லை என்று தெரிந்தாலும் திறந்து பாருங்கள். இரட்டைக் குழல் என்றால் மடித்து இரண்டு அறையிலும் விரலை விட்டுப் பாருங்கள். இருக்கிற தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

உரிமம் உங்கள் பெயரில் இருந்தால் துடைப்பதும் எண்ணெய் போடுவதும் உங்கள் வேலை. பழுது பார்ப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவர் செய்ய வேண்டியது. "எனக்குத் தெரிஞ்ச லேத் பட்டறைக்காரர் இருக்கார்" என்று கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த எண்ணையும் அடையாளக் குறியையும் அழிக்கக் கூடாது என்கிறது. அதனால் எண் இருக்கும் இடத்தில் துணியும் எண்ணெயும் மட்டும்தான். உப்புத்தாளோ பாலிஷ் சக்கரமோ அந்தப் பக்கமே போகக் கூடாது.

தேவையான சாமான்கள்: பழைய பருத்தி வேட்டித் துணி, தையல் மெஷின் எண்ணெய், மினரல் டர்பன்டைன், பஞ்சு, கொஞ்சம் அசிட்டோன் (நகப்பூச்சு நீக்கியில் அசிட்டோன் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும்), நாலு ஜீரோ (0000) போட்ட ஸ்டீல் வுல், அதாவது மிக மெல்லிய எஃகு நார், நல்ல மெழுகு. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூஜை விளக்கு எரியும் அறையில் டர்பன்டைனைத் திறக்காதீர்கள்.

முதல் கேள்வி: அது ப்ளூயிங்தானா?

துப்பாக்கியின் மரக் கட்டை மூடியிருக்கும் பகுதியில், அதாவது வெளியே தெரியாத இடத்தில், அசிட்டோன் தொட்ட பஞ்சால் லேசாகத் தேயுங்கள்.

பஞ்சில் கறுப்புச் சாயம் வழுவழுவென்று ஒட்டினால் அது பெயின்ட். ஏர்கன்களிலும், யாரோ இடையில் 'புதுப்பித்த' துப்பாக்கிகளிலும் இது சகஜம். பெயின்ட் மங்கினால் இந்தக் கட்டுரை உதவாது. பஞ்சில் அழுக்கு மட்டும் வந்து கறுப்பு அப்படியே இருந்தால் ப்ளூயிங், மேலே படியுங்கள். பளபளப்பே இல்லாமல் சொரசொரவென்ற சாம்பல் கறுப்பு என்றால் அது பாஸ்பேட் பூச்சு. பிறந்ததிலிருந்தே அப்படித்தான், அதில் பளபளப்பைத் தேடாதீர்கள்.

இன்னொன்று. மிகப் பழைய குழலில் நீரலை போல வளைந்து வளைந்து பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கிச் செய்தது. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் அழகே அந்தக் கோடுதான். அதை வைத்துச் சுடலாமா என்பதையும் நேரில் பார்த்து ஒரு கைதேர்ந்தவர்தான் சொல்ல வேண்டும்.

அறிகுறி: வெள்ளையாகவோ சாம்பலாகவோ புகை படிந்த தோற்றம்

அதிகம் வருவது இது. மங்கிய இடத்தில் ஒரே ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து, அந்தச் சொட்டின் ஓரத்தைப் பாருங்கள். சொட்டுக்கு உள்ளே ஆழமான நீலக் கறுப்பு, வெளியே புகை என்று ஒரு கோடு பிரிந்து தெரிகிறதா?

*தெரிகிறது.* ப்ளூயிங் உயிரோடு இருக்கிறது. இப்போது டர்பன்டைன் தொட்ட துணியால் அந்த இடத்தை முழுதாகத் துடைத்து, வேறு துணியால் உலர்த்தி, பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

உலர்ந்த பிறகும் கறுப்பாகவே இருந்தால் பழைய எண்ணெய்தான் குற்றவாளி. வேலை முடிந்தது, கீழே மெழுகு பற்றிச் சொல்லியிருப்பதற்குப் போங்கள். நம் ஊரில் இதற்கு இரண்டு காரணம் திரும்பத் திரும்ப வரும். ஒன்று நல்லெண்ணெய். அது காற்றுபட்டு மெல்ல மெல்லப் பிசினாகி, தூசியையும் பிடித்துக்கொண்டு மேலே ஒரு தோல் போல உட்கார்ந்துவிடும். டர்பன்டைனில் ஊறிய துணியைக் கால் மணி நேரம் மேலே போட்டுவைத்தால் இளகி வரும், சுரண்டக் கூடாது. இன்னொன்று தேங்காயெண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து வெள்ளையாகிவிடும். ஊட்டியிலும் வால்பாறையிலும் காலையில் துப்பாக்கி வெளுத்துப்போய் இருக்கிறது, மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடுகிறது என்றால் வேறு மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் வெயிலில் கரைந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். நாள்பட்டால் சிக்குவாடை அடிக்கும், அமிலமாகும், இரும்பைத் தின்னும். முழுதாகத் துடைத்து எடுத்துவிட்டு மெஷின் எண்ணெய்க்கு மாறுங்கள்.

*எண்ணெயில் கறுப்பாகத் தெரிகிறது, துடைத்து உலர்ந்ததும் புகை திரும்பிவிடுகிறது.* மேற்பரப்பில் நுண்ணிய கீறல் இருக்கிறது, அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவில் துரு தொடங்கியிருக்கிறது. ஒரு வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டு அழுத்தித் துடையுங்கள். துணியில் செம்பழுப்புக் கறை வந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள். கறை வரவில்லை என்றால் கீறல்தான். முன்பு யாரோ பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையோ உப்புத்தாளையோ போட்டிருக்கிறார்கள். கீறலை எடுக்க மேலும் தேய்த்தால் ப்ளூயிங்கும் கூடப் போகும். அதன் தடிமன் ஒரு மைக்ரான் அளவில்தான் இருக்கும். தேய்த்து மெருகேற்ற அங்கே சரக்கு இல்லை. கீறலை நிரப்புவதுதான் வழி. ஹேர் டிரையரால் குழலை இளஞ்சூடாக்கி, மெழுகை மிக மெல்லிசாகத் தடவி, ஆறியதும் துணியால் மெருகேற்றுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரெனைசான்ஸ் மெழுகைத்தான் சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள், விலை கூடுதல். தேய்ப்புப்பொடி கலக்காத நல்ல கார்னாபா கார் மெழுகும் பரவாயில்லை. டப்பாவில் 'கிளீனர்' என்றோ 'ரப்பிங்' என்றோ போட்டிருந்தால் வேண்டாம்.

*எண்ணெய் விட்டாலும் சாம்பலாகவே இருக்கிறது, உள்ளே வெறும் இரும்பு மின்னுகிறது.* ப்ளூயிங் தேய்ந்து போய்விட்டது. 'வெள்ளி போல மின்னும் ஓரங்கள்' என்ற இடத்துக்குப் போங்கள்.

துடைக்கும்போது ஒரு கவனம்: டர்பன்டைன், அசிட்டோன், சானிடைசர் எதுவும் கட்டையில் படக் கூடாது. பழைய கட்டைகளில் அரக்கு பாலிஷ் இருக்கும். சானிடைசரில் உள்ள ஆல்கஹால் அதை நொடியில் கரைத்துவிடும். குழலைச் சரிசெய்யப் போய்க் கட்டையை வெளுத்துக் கொண்டுவருபவர்கள் உண்டு.

அறிகுறி: செம்பழுப்புப் புள்ளிகள், விரல் ரேகை போன்ற கறை

இது துரு. கையின் வியர்வை உப்புதான் தொடக்கம். கடலோர ஊர்களில் காற்றே போதும்.

முதல் படி: மெஷின் எண்ணெயைத் தாராளமாகப் பூசி ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் துணியால் அழுத்தித் துடைத்தாலே ரேகைக் கறை பெரும்பாலும் போய்விடும். அவசரப்பட்டு ஊறவிடாமல் தேய்ப்பவர்களுக்குத்தான் கீறல் விழுகிறது.

இரண்டாம் படி: புள்ளி கையில் நெருடுகிறது என்றால், பழைய செம்பு அல்லது வெண்கலக் காசு ஒன்றை எடுங்கள். வீட்டுப் பெட்டியில் காலணா கிடந்தால் அதுவே நல்லது. எண்ணெயில் நனைத்து, விளிம்பால் புள்ளியை மட்டும் மெதுவாகத் தள்ளுங்கள். செம்பு இரும்பைவிட மென்மை; துருவைப் பெயர்க்கும், அடியில் உள்ளதைக் கீறாது. இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் வேண்டாம், அவை எஃகு. காசு மினுமினுத்துக் குழலில் செம்பு நிறக் கோடு விழுந்தால் பயப்படாதீர்கள், எண்ணெய்த் துணியால் துடைத்தால் போய்விடும்.

மூன்றாம் படி: பரவலாக இருந்தால் நாலு ஜீரோ ஸ்டீல் வுல். எண்ணெய் தொட்டு, விரலின் எடையைவிடக் கூடுதல் அழுத்தம் இல்லாமல், குழலின் நீளவாக்கில் தேயுங்கள். பழுப்புச் சேறு வரும். அடிக்கடி துடைத்துவிட்டுப் பாருங்கள். சேறு பழுப்பிலிருந்து கறுப்பாக மாறும் கணத்தில் நிறுத்துங்கள். பழுப்பு என்றால் துரு வருகிறது, கறுப்பு என்றால் ப்ளூயிங் வருகிறது. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்டீல் வுல்லின் பொடியை ஒன்று விடாமல் துடைத்தெடுங்கள். விட்டால் அந்தப் பொடியே துருப்பிடித்துப் புதுப் புள்ளி வைக்கும்.

செய்யக் கூடாதவை: புளி, எலுமிச்சை, வினிகர், கோலா, கடையில் விற்கும் துரு நீக்கி திரவம். ப்ளூயிங்கும் இரும்பு ஆக்சைடுதான், துருவும் இரும்பு ஆக்சைடுதான். அமிலத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பத்து நிமிடத்தில் வெள்ளை இரும்பு உங்களைப் பார்த்துச் சிரிக்கும். குத்துவிளக்குக்குப் போடும் வைத்தியத்தைத் துப்பாக்கிக்குப் போடாதீர்கள்.

பட்டறைக்குப் போக வேண்டிய இடம்: துருவை எடுத்த பிறகு நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால், துரு குழலின் உள்ளே இருந்தால், இரண்டு குழல்களையும் சேர்க்கும் பட்டையின் ஓரம் முழுக்க இருந்தால். பரவலான இளந்துருவுக்குப் பட்டறையில் இன்னொரு வழியும் உண்டு. குழலைத் தனியே கழற்றி, எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவி, பேட்டரித் தண்ணீரில் (காய்ச்சி வடித்த நீர், ஆசிட் அல்ல) கொதிக்க வைப்பார்கள். செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறிவிடும். மேலே நிற்கும் பொடியை மெல்லிய கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டால் பழைய நிறம் நிறையவே மீண்டுவரும். 'ரீ-ப்ளூயிங் போடுங்கள்' என்று சொல்வதற்கு முன் 'கொதிக்க வைத்துப் பார்க்கலாமா' என்று கேளுங்கள். செலவும் குறைவு, துப்பாக்கியின் பழமையும் கெடாது.

அறிகுறி: பூஜைக்குப் பிறகு வட்ட வட்டமாகக் கறை

சந்தனம், குங்குமம். ஈரச் சந்தனம் காய்வதற்குள் அதன் அடியில் துரு தொடங்கிவிடும். பொட்டு உதிர்ந்த இடத்தில் கறுத்த வளையம் தெரியும். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாதீர்கள், அதில் மண் துகளும் இருக்கலாம். மேலே எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் துடையுங்கள். வளையம் மிஞ்சினால் மேலே சொன்ன காசு வைத்தியம். அதற்கும் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், மெழுகின் கீழே பாதி மறைந்துவிடும்.

அடுத்த ஆண்டுக்கு: பூஜைக்கு முந்தின நாள் மெழுகு போடுங்கள், பொட்டைக் கட்டையில் வையுங்கள். பெரியவர்கள் குழலில்தான் வைக்க வேண்டும் என்றால் வைக்கட்டும். அன்று மாலையே துடைத்துவிடுங்கள், விஜயதசமி வரை காத்திருக்க வேண்டாம். குடகில் செப்டம்பரில் கைல்போத் அன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்துப் பூஜை செய்து, குழல் வாயில் தோக் பூ செருகுவார்கள். நம் செங்காந்தள்தான் அது. அங்கே அது அடைமழையின் வால். பூவை எடுத்ததும் குழல் வாயின் உள்விளிம்பில் எண்ணெய்த் துணியை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

அறிகுறி: தேர்தல் முடிந்து திரும்பி வந்தது, முழுக்க மங்கியிருக்கிறது

தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கி வாரக்கணக்கில் சாக்குக்குள்ளோ, மற்ற துப்பாக்கிகளோடு உரசிக்கொண்டோ இருந்திருக்கும். வாங்கும்போதே வெளிச்சத்தில் பார்த்து, ஒப்படைப்புச் சீட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்ச் சொட்டுச் சோதனை. பெரும்பாலும் தூசியும் ஈரமும் மட்டும்தான். அடுத்த முறை கொடுக்கும் முன் வெளியே மெழுகு, குழலுக்குள் எண்ணெய், சுற்றப் பருத்தித் துணி. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும்.

அறிகுறி: வெள்ளி போல மின்னும் ஓரங்கள்

குழல் வாய், விசைக் காவல், கை பிடிக்கும் இடம். இங்கே ப்ளூயிங் தேய்ந்தே போய்விட்டது. எந்த மெருகும் கொண்டுவராது.

மலிவான வழி, அப்படியே விடுவது. எண்ணெய்ப் பசை இருக்கிற வரை வெறும் இரும்பும் துருப்பிடிக்காது. பழைய துப்பாக்கிக்கு அந்தத் தேய்மானம் ஒரு அழகு என்பது என் கட்சி.

மனம் ஒப்பவில்லை என்றால் கோல்டு ப்ளூ (cold blue) திரவம், அதாவது கொதிக்கும் தொட்டி இல்லாமல் பஞ்சால் தடவும் ப்ளூயிங். சின்ன இடத்துக்கு மட்டும். அசிட்டோனால் எண்ணெய்ப் பசையை முழுக்க எடுத்து, அந்த இடத்தை வெறும் விரலால் தொடாமல், இளஞ்சூடாக்கி, பஞ்சால் ஒரே சீராகத் தடவுங்கள். பாட்டிலில் சொன்ன நேரத்துக்குப் பிறகு தண்ணீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட்டு ஒரு இரவு விடுங்கள். கையுறை கட்டாயம். அதில் இருப்பது பெரும்பாலும் செலினியம் சேர்மம், விஷம். சமையலறை மேடையில் வைத்துச் செய்யாதீர்கள். நிறம் பக்கத்துப் பகுதியோடு சரியாகப் பொருந்தாது, சீக்கிரம் தேயவும் செய்யும். செம்பு நிறம் அடித்தால் எண்ணெய்ப் பசை மிஞ்சியிருந்தது, அல்லது திரவம் அதிகமாகிவிட்டது. ஸ்டீல் வுல்லால் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

உள்ளங்கை அளவைவிடப் பெரிய இடம் என்றால் திரவத்தைத் திறக்கவே வேண்டாம். திட்டுத் திட்டாகத்தான் வரும். பட்டறை.

அறிகுறி: ஊதா அல்லது கத்தரிப்பூ நிறம்

அழுக்கல்ல. அந்தப் பாகத்தின் உலோகக் கலவையும், ப்ளூயிங் போட்டபோது இருந்த தொட்டியின் சூடும் சேர்ந்து செய்த வேலை. தேய்த்தால் மாறாது. பிடிக்கவில்லை என்றால் புதிதாக ப்ளூயிங், வேறு வழி இல்லை.

அறிகுறி: ரீ-ப்ளூயிங் செய்து வந்த பிறகு இணைப்புகளில் வெள்ளைப் பொடி

இதைக் கண்டால் கொஞ்சம் பதறலாம். சூட்டு ப்ளூயிங் என்பது காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் 140 டிகிரி அளவில் கொதிக்கும் தொட்டி. சரியாகக் கழுவவில்லை என்றால் உப்பு இடுக்குகளில் தங்கி, பிறகு கசிந்து வெள்ளையாகப் பூக்கும். ஒற்றைக் குழலாக இருந்தால், செய்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொதிநீரில் மறுபடி அலசச் சொல்லுங்கள்.

இரட்டைக் குழல் என்றால் விஷயம் வேறு. பழைய இரட்டைக் குழல்களின் பட்டை ஈயப் பற்றில் நிற்கிறது. அந்தக் காஸ்டிக் தொட்டி ஈயப் பற்றை அரித்துவிடும். அதனால்தான் அவற்றுக்குத் துருவேற்றிக் கொதிக்க வைத்துப் படிப்படியாகச் செய்யும் பழைய முறை. சோதனை எளிது. குழலைக் கழற்றி, முன்கட்டையையும் எடுத்துவிட்டு, அடியிலுள்ள கொக்கிப் பகுதியை ஒரு விரலில் மாட்டித் தொங்கவிடுங்கள். விரல் முட்டியால் ஒரு தட்டு. மணி போல நீண்டு ஒலித்தால் பட்டை உறுதியாக இருக்கிறது. 'டப்' என்று செத்த சத்தமோ, கரகரவென்ற அதிர்வோ வந்தால் பட்டை எங்கோ விட்டிருக்கிறது. அந்தத் துப்பாக்கியால் சுடாதீர்கள். ஈயப் பற்று வேலை தெரிந்த, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையில் கொடுங்கள். இனிமேல் எங்கே ப்ளூயிங்குக்குக் கொடுத்தாலும், "இரட்டைக் குழலை எந்த முறையில் போடுவீங்க?" என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். "எல்லாத்தையும் ஒரே தொட்டியிலதான்" என்று பதில் வந்தால் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

அறிகுறி: எல்லாம் சரிசெய்தும் ஒரு மாதத்தில் மங்கல் திரும்புகிறது

எங்கே வைக்கிறீர்கள்? தோல் உறைக்குள் என்றால் காரணம் கிடைத்துவிட்டது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உறை பயணத்துக்கு மட்டும், வீட்டில் வெறுமனே நிறுத்துங்கள். வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு அலமாரி என்றால் சுவரிலிருந்து நகர்த்தி, உள்ளே சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு. விருந்தாளிகள் தொட்டுப் பார்த்த நாளில் இரண்டு.

உலர்ந்த இடம், மெழுகு, துணி எல்லாம் இருந்தும் திரும்பத் திரும்ப அதே ஒரு இடத்தில் மட்டும் மங்குகிறதா? அந்த இடத்தின் நுண்குழிகளுக்குள் பழைய உப்பு தங்கியிருக்கிறது. வீட்டுத் துடைப்பு அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. உரிமப் புத்தகத்தோடு பட்டறைக்குக் கொண்டுபோய், அந்த இடத்தை விரலால் காட்டி, கொதிக்க வைத்துத் தரச் சொல்லுங்கள்.